வீட்டில் சட்டென்று திறக்கும் தளம், மலைப்பாதையில் ஏன் திணறுகிறது?

கேள்வி: பூம்பாறையில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். மகன் வேர்ட்பிரஸ்ஸில் இணையதளம் செய்து கொடுத்தான். முகப்பில் 5 படங்கள் மாறி மாறி ஓடும். எல்லாம் போனில் எடுத்தவை, ஒவ்வொன்றும் 4 எம்பி. வீட்டு வைஃபையில் சட்டென்று திறக்கிறது. ஆனால் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுகிறவர்கள், நம்பர் எடுக்கக்கூடப் பக்கம் திறக்கவில்லை என்கிறார்கள். விலை கூடின ஹோஸ்டிங்குக்கு மாறலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஹோஸ்டிங் என்பது உங்கள் தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் சர்வரில் வாடகை இடம். எவ்வளவு நல்லதாக வாங்கினாலும் அந்த 5 படங்களும் அதே கனத்தோடுதான் விருந்தினர் போனுக்கு இறங்கியாக வேண்டும்.

வீட்டில் தெரியும் வேகத்தை நம்பாதீர்கள். வைஃபை ஒரு காரணம். இன்னொன்று, ஒருமுறை பார்த்த படங்களை பிரௌசர் போனிலேயே சேமித்து, அடுத்த முறை அங்கிருந்தே காட்டிவிடும். முதல்முறை வருகிறவரிடம் அந்தச் சேமிப்பு இல்லை. அவருக்கு எப்படி இருக்கும் என்று அறிய, கூகுளின் இலவசக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் உங்கள் தள முகவரியைக் கொடுத்து, மொபைல் பகுதியைப் பாருங்கள். விநாடிக்குச் சுமார் 1.6 மெகாபிட் கிடைக்கும் மந்தமான 4ஜி இருப்பதாக வைத்துக்கொண்டு அது சோதிக்கும். கொண்டை ஊசி வளைவில் சிக்னல் விட்டு விட்டு வரும்போது அந்த வேகம்கூடக் கிடைக்காமல் போகலாம்.

கணக்குப் போட்டால் விஷயம் புரிந்துவிடும். 5 படம், 20 எம்பி. ஒரு எம்பிக்கு 8 மெகாபிட், அதாவது 160 மெகாபிட். அந்த வேகத்தில் முழுதும் இறங்க 100 விநாடி. கார் அதற்குள் மூன்று வளைவு ஏறிவிடும்.

போன் படம் பெரும்பாலும் 4000 பிக்ஸல் அகலம் இருக்கும். இணையதளத்துக்கு 1600 தாராளம். ஸ்க்வூஷ் என்ற இலவசக் கருவியில் படத்தைப் போட்டு, அகலத்தை 1600 ஆக்கி, வெப்பி (WebP) என்ற பட வடிவில் தரம் 75 வைத்துச் சேமியுங்கள். பல படங்கள் 300 கேபி அளவுக்குச் சுருங்கிவிடும். மூடுபனிப் படம் இன்னும் குறையும். படிக்கட்டு வயல் போல நுணுக்கம் நிறைந்த படம் சற்றுக் கனக்கும். அதற்குத் தரத்தை 65 ஆக்கிப் பாருங்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அரிது.

ஓடும் படங்களை எடுத்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஒரே ஒரு நல்ல படம் முகப்பில் போதும். மற்ற நான்கையும் கீழே சாதாரணப் படங்களாக வையுங்கள். திரை அருகே வரும்போது மட்டும் படத்தை இறக்கும் வசதி, 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ்ஸிலேயே இருக்கிறது. ஸ்லைடரில், அதாவது ஓடும் படக் காட்சியில், பின்னணியாக வைத்த படங்களுக்கு அது பொருந்தாது.

சரி, ஹோஸ்டிங். படங்களைச் சரிசெய்த பிறகும் சர்வரின் முதல் பதில் வர 0.8 விநாடிக்கு மேல் ஆனால், முதலில் ஒரு கேச் பிளகின் போடுங்கள்; தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து உடனே தரும் வேர்ட்பிரஸ் துணைநிரல் அது. அதிலும் தீராவிட்டால், மும்பை போல இந்தியாவுக்குள் சர்வர் உள்ள ஹோஸ்டிங்குக்கு மாறலாம்.

அப்புறம், போன் நம்பரைப் படத்துக்குள் எழுதியிருந்தால் இன்றே மாற்றுங்கள். பக்கத்தின் உச்சியில், தொட்டால் அழைப்பு போகும்படி எழுத்தாகவே வையுங்கள். பக்கத்தில் பதித்த கூகுள் மேப்பையும் எடுத்துவிட்டு ஒரு இணைப்பு கொடுங்கள். படம் எதுவும் இறங்காவிட்டாலும், பெருமாள்மலை அருகே நிற்கிறவர் உங்களை அழைத்து வழி கேட்டுக்கொள்வார்.