குழந்தைப் பராமரிப்பு வேலை: மகளுக்கு கோர்ஸ் ஃபீஸ் கட்டுவதற்கு முன்

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்து அம்மாக்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா. கொழந்தைங்கன்னா அவளுக்கு உசுரு. ஆறு மாசம் மாண்டிசோரி கோர்ஸ் முடிச்சா வேலை கெடைக்கும்னு சொல்றாங்க. பணம் கட்டலாமா?"

கொஞ்சம் பொறுங்கள் அம்மா. அங்கன்வாடி, டே கேர், நர்சரிப் பள்ளி மூன்றும் வெளியே நின்று பார்த்தால் ஒரே வேலை போலத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் கேட்கும் தகுதி வேறு. மகள் எதற்குப் போகப்போகிறாள் என்று முடிவு செய்யாமல் கட்டும் பணம் பெரும்பாலும் வீண்தான்.

அங்கன்வாடியில் பலரும் தடுக்கி விழும் இடம் வயது. 2025ஆம் ஆண்டு தமிழக அரசு 7,783 பணியிடங்களுக்கு அறிவிப்பு விட்டபோது, பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் 25 முதல் 35 வரை வயதும் கேட்டார்கள். உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு, 20 முதல் 40 வயது. ஆக, 18 வயதுப் பெண்ணால் எந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டும் இப்போதைக்கு விண்ணப்பிக்க முடியாது. "அங்கன்வாடியில போட்டுத் தர்றோம்" என்று கோர்ஸ் விற்கிறவரிடம் முதலில் வயது வரம்பைக் கேளுங்கள். அந்தப் பணிக்கு மாண்டிசோரிச் சான்றிதழ் கேட்பதே இல்லை. தேர்வானால் முதல் 12 மாதம் பணியாளருக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய், அதன்பிறகு 7,700–24,200 என்ற சிறப்புக் காலமுறை ஊதியம்.

அடுத்தது வசிப்பிடம். மையம் இருக்கும் பகுதிக்காரர்களுக்குத்தான் வாய்ப்பு. காசிமேட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, ரேஷன் கார்டும் ஆதாரும் பெரும்பாக்கம் குடியிருப்பு முகவரியில் கிடந்தால் நேர்காணலில் பதில் சொல்ல முடியாது. கல்யாணமாகி வேறு ஏரியா போன பெண்களுக்கும் இதே சிக்கல். அறிவிப்பு வந்தபிறகு முகவரி மாற்ற ஓடினால் கடைசித் தேதி தாண்டிவிடும். இப்போதே மாற்றி வையுங்கள்.

வேலை கிடைத்தபிறகு பயிற்சி அரசின் பொறுப்பு, கட்டணம் கிடையாது. ஐ.சி.டி.எஸ். (அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம்) வழக்கப்படி புதிய பணியாளருக்கு அடிப்படைப் பயிற்சி 26 வேலை நாள், அதன்பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 நாள் புத்தாக்கப் பயிற்சி. இதற்கு மேல், 2023இல் தொடங்கிய 'போஷன் பி படாய் பி' திட்டத்தில் முன்பருவக் கல்விக்கெனத் தனிப் பயிற்சி உண்டு. அங்கன்வாடிப் பதிவுகளுக்கான போஷன் டிராக்கர் செயலியில் தினமும் பதிவு செய்யவும் பழக வேண்டும். போனில் தமிழ் டைப்பிங் கூடத் தெரியாமல் போகிறவர்கள் முதல் மாதமே திணறுகிறார்கள்.

பயிற்சியில் மிகக் கவனமாகக் கற்க வேண்டியது அளவெடுப்பு. இரண்டு வயதுக்குக் கீழே குழந்தையைப் படுக்கவைத்து நீளம் எடுக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். ஒரே குழந்தைக்கு இந்த இரண்டுக்கும் சுமார் 0.7 செ.மீ. வித்தியாசம் வரும். எடை மெஷினில் பூஜ்யம் பார்க்காமல் நிறுத்துவது, ஸ்வெட்டரோடு நிறுத்துவது, முழங்கால் மடங்கியிருக்க நீளம் எடுப்பது, எல்லாமே கணக்கைத் தவறாக்கும். 6 மாதம் முதல் 5 வயது வரை மேல்கையின் நடுச்சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. நாடாவை இறுக்கினால் நல்ல குழந்தை நோயாளியாகும். தளர்த்தினாலோ, மருத்துவமனைக்குப் போக வேண்டிய குழந்தை வீட்டிலேயே இருந்துவிடும்.

18 வயதில் உடனே நுழையக்கூடியது டே கேர்தான். 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றது. தாய் ஒரு நாளில் நான்கு முறை வந்து பார்க்கவும் அனுமதித்தது. தனியார் காப்பகங்கள் பல, சான்றிதழே கேட்காமல் எடுத்துக்கொள்கின்றன. அது வசதிபோலத் தெரியலாம், எங்களுக்கு அது பயம். 2013 தேசியக் கொள்கைப்படி மூன்று வயதுக்குக் கீழே பத்துக் குழந்தைக்கு ஒருவர், அதற்கு மேல் இருபதுக்கு ஒருவர். உங்கள் மகளிடம் 15 கைக்குழந்தைகளைத் தனியாக ஒப்படைக்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

காப்பகத்துக்குப் போகுமுன் முதலுதவி கற்கட்டும். ரெட் கிராஸ், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இரண்டும் பயிற்சி தருகின்றன. செயல்முறை இல்லாத ஆன்லைன் சான்றிதழ் வேண்டாம், பொம்மையின்மேல் கையை வைத்துப் பழக வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே மூச்சு அடைத்தால் குழந்தையைக் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க முதுகில் 5 தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சில் 5 அழுத்தம். வயிற்றை அழுத்தக் கூடாது, கல்லீரலில் அடிபடலாம். வாயில் கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவவும் கூடாது, உள்ளே தள்ளிவிடும். இதெல்லாம் சில மாதங்களில் கை மறந்துவிடும் என்பதால்தான் சான்றிதழுக்குக் காலவரம்பு வைத்திருக்கிறார்கள். மறுபயிற்சித் தேதியைக் குறித்து வையுங்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்ஸோ சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பது தண்டனைக்குரிய குற்றம். "ஓனரிடம் சொன்னேன்" என்றால் கடமை தீராது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

நர்சரி ஆசிரியராக நிரந்தரமாகப் போக ஆசையென்றால் முன்பருவக் கல்வி டிப்ளமோ, இரண்டு ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் 50 விழுக்காடு வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அங்கீகார ஆணையையே காட்டச் சொல்லுங்கள். அதில் அந்தக் கல்லூரியின் பெயரும் அந்தப் படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். "எங்க ஹெட் ஆபீஸுக்கு இருக்கு" என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக வேண்டுமானால் அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயமும் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் தாளும் வேண்டும். முன்பருவக் கல்வி டிப்ளமோவைப் படித்துவிட்டு அதற்கு விண்ணப்பிக்க முடியாது.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க இக்னோவின் முன்பருவப் பராமரிப்பு டிப்ளமோ நல்ல வழி. 32 கிரெடிட், குறைந்தது ஓராண்டு, பிளஸ் டூ போதும். குழந்தை வளர்ச்சி நன்றாகப் புரியும். ஆசிரியர் டிப்ளமோவுக்கு அது மாற்று என்று மட்டும் எண்ண வேண்டாம்.

எந்த வழியானாலும் ஒரு ஃபைல் போடுங்கள். கலந்துகொண்ட பயிற்சி ஒவ்வொன்றுக்கும் தேதி, நாள் எண்ணிக்கை, நடத்தியவர் கையொப்பம் உள்ள தாளை அன்றே வாங்கிச் சேர்க்க வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது. கூடவே டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆதார் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் தவறு இருந்தால் திருத்த நாளாகும். அதனால் முதல் வேலையாக, மகள் படித்த பள்ளியிலேயே அதைத் தொடங்குங்கள்.