முன்பக்கம் ஆடுகிறதா? எப்போது என்று முதலில் சொல்லுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய கார்களின் முன்பக்க அதிர்வு பற்றித்தான். மழை முடிந்த நேரம், ரோடும் அப்படித்தான் இருக்கிறது. ஒவ்வொரு கடிதமும், அதன் கீழே என் பதிலும் இதோ.

குன்னூருக்குள் ஓட்டும்போது என் 2006 மாருதி 800-இல் ஒரு குறையும் இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டி 80-ஐத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்தும் சரியாகவில்லை.

சரியாகாது. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். நடுங்க வைப்பது பேலன்ஸிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாதது. மலையில் நாம் 50-ஐத் தாண்டுவதே அபூர்வம் என்பதால் இந்தக் கோளாறு சமவெளியில்தான் தலைகாட்டும். கடைக்குப் போகும் முன் சக்கரத்தைக் கழற்றி, ரிம்மின் உள்பக்கம் பாருங்கள். தேயிலைத் தோட்டத்துச் செம்மண் அங்கே அப்பிக் காய்ந்திருந்தால் அதுவே போதும், சுரண்டிக் கழுவுங்கள். ரிம் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் பளிச்சென்று இருந்தால், எடையைச் சமன் செய்ய மாட்டிய ஈயக்கட்டை விழுந்துவிட்டது. இரண்டும் இல்லையா? முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். நடுக்கம் கையை விட்டு சீட்டுக்குப் போனால் குற்றவாளி சக்கரம்தான்.

கழற்றும்போது எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சரிவில் ஜாக்கியை நம்பாதீர்கள்.

ஐயா, பழைய கார். முன்னால் அதிர்கிறது. என்ன செலவாகும்?

எந்தக் கார்? எந்த வேகத்தில்? பிரேக் பிடிக்கும்போதா, ஏறும்போதா, திரும்பும்போதா? இவற்றை எழுதாமல் செலவு கேட்டால், கடைக்காரர் சொல்வதுதான் செலவு.

கோத்தகிரி ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் முன்பக்கம் உதறுகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது.

இப்படித்தான் எழுத வேண்டும். இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட் தேய்ந்திருக்கும். அதை மூடும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கையும் கூடவே பார்த்துவிடுங்கள். கொண்டை ஊசியில் முழுக்கத் திருப்பும்போது ‘கட கட’ என்றால் அது வெளிப்பக்க ஜாயின்ட்.

கல்லட்டி இறங்கி மசினகுடி போய் வந்ததிலிருந்து பிரேக் பிடித்தால் பெடலும் ஸ்டீயரிங்கும் துடிக்கின்றன. பிரேக் தட்டை (டிஸ்க்) இரண்டு முறை லேத்தில் கொடுத்து இழைத்தேன். இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப வந்துவிடுகிறது.

திரும்ப வராமல் என்ன செய்யும்? டிஸ்கை இழைத்தீர்கள், ஓட்டும் விதத்தை மாற்றவில்லை. அந்த ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். இரண்டாவது கியர், செங்குத்தான இடத்தில் முதல் கியர். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது? இன்ஜின்தான் வண்டியைப் பிடிக்க வேண்டும். நியூட்ரலில் விட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் டிஸ்க் கொதிக்கும். கீழே வந்து, கொதிக்கிற டிஸ்கை பேட் (பிரேக் கட்டை) கவ்விய நிலையிலேயே பெடலை அமுக்கிக்கொண்டு நின்றால், பேடின் பூச்சு அந்த இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று கடையில் சொல்வது பல நேரம் இந்தத் திட்டைத்தான். இன்னும் சிலர், ‘சூடாயிடுச்சு’ என்று பாட்டில் தண்ணீரை எடுத்து வீலில் ஊற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் நல்ல டிஸ்கும் உண்மையிலேயே வளையும்.

பெட்ரோல் மிச்சம் என்று வாதம் வரும். இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஐடிலில் ஓடுவதற்குக் குடிக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்கும் புத்திசாலிகளுக்கு: பிரேக்குக்கு இன்ஜின் தரும் உதவி நின்று, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பிறகு நான் பதில் எழுத அவசியம் இருக்காது.

உங்கள் வண்டிக்கு: இரண்டு முறை இழைத்த டிஸ்க் மெலிந்திருக்கும், மெலிந்தது சீக்கிரம் கொதிக்கும். இருக்க வேண்டிய குறைந்தபட்ச கனம் பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் இரு பக்கமும் புதிது, பேடும் புதிது. மாட்டும் முன், டிஸ்க் உட்காரும் ஹப் முகத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுக்கச் சொல்லுங்கள். அங்கே மெல்லிய துருப் பொருக்கு இருந்தாலே புது டிஸ்கும் கோணலாகச் சுற்றும். நம்மூர் ஈரத்தில், பேடை அழுத்தும் காலிபரின் பின் இறுகிப்போவதும் சகஜம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மஞ்சூர் எஸ்டேட்டில் ஓடும் ஜிப்சி. 50-இல் ஒரு குழியில் இறங்கினால் ஸ்டீயரிங் கையை உதறிக்கொண்டு ஆடுகிறது, வண்டியை நிறுத்தினால்தான் நிற்கிறது. ஸ்டீயரிங் டேம்பர் மாற்றலாமா?

டேம்பர் ஆட்டத்தை மறைக்கும், அவ்வளவுதான். கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங்கின் இறுக்கம், டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு), பேலன்ஸிங் மூன்றையும் அந்த வரிசையில் பாருங்கள்.

40-க்கு மேல் முன்பக்கம் ‘ஊ’ என்று சத்தம். இடப்பக்கம் திருப்பினால் அதிகமாகிறது.

வலது வீல் பேரிங்.

மூன்று மாதம் ஷெட்டில் நின்ற பத்மினி கார். முதல் சில கிலோமீட்டர் தட் தட் என்று குதித்துவிட்டுச் சரியாகிவிடுகிறது.

நின்ற இடத்தில் டயர் தட்டையாகியிருக்கிறது, சூடானதும் உருண்டைக்கு வந்துவிடும். சூடான பிறகும் 20, 30 வேகத்திலேயே ஸ்டீயரிங் பக்கவாட்டில் அசைந்தால் கதை வேறு: டயருக்குள் நூல் அடுக்கு விட்டிருக்கும். சக்கரத்தைத் தூக்கி (கல் வைத்துவிட்டுத்தான்!) கையால் சுற்றி, தேய்பரப்பில் வீக்கம் தெரிகிறதா பாருங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் தேயவில்லையே என்று அந்த வயது டயரில் பர்லியார் மலைப்பாதையில் இறங்காதீர்கள். ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள், அது பெரும்பாலும் இன்னும் பழசாக இருக்கும்.