பிராக்ல ராஜா போன ரோடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: அடுத்த மாசம் அம்மாவோட பிராக் போறேன். ராயல் ரூட்னு ஒண்ணு இருக்காமே, அத நடந்தே பாக்கணும்னு ஆசை. அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி உண்டு. முடியுமா?

முடியும், ஆனா முழுசா நடக்க வைக்காதீங்க. மொத்தமே ரெண்டரை கிலோமீட்டர் சுமாருக்குத்தான், தூரம் பிரச்சனை இல்ல, கடைசி ஏத்தம்தான் பிரச்சனை. பவுடர் டவர்ங்கிற பழைய கோட்டை வாசல் கோபுரத்துல ஆரம்பிச்சு செலெட்னா தெரு, ஓல்ட் டவுன் ஸ்கொயர், கார்லோவா தெரு, சார்லஸ் பாலம், அதத் தாண்டி மாலா ஸ்ட்ரானா சதுக்கம் வரைக்கும் கிட்டத்தட்ட சமதரைதான், கல்லு பதிச்ச ரோடுங்கிறதால நல்ல ஷூ மட்டும் போட்டுக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் பிராக் கோட்டைக்குப் போற நெருடோவா தெரு செங்குத்தா ஏறும். சில பேர் டிராம்ல மேல போயிட்டு இறங்கி வாங்கன்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க, முட்டி வலிக்காரங்களுக்கு ஏறுறதவிட இறங்குறதுதான் வதை. மாலா ஸ்ட்ரானா சதுக்கத்துலயே 22ஆம் நம்பர் டிராம் பிடிச்சு கோட்டை ஸ்டாப்ல இறங்கிடுங்க, அங்கருந்து கொஞ்ச தூரம்தான்.

டிராம் ஏறுறதுக்கு முன்னாடி நீங்க மட்டுமாவது நெருடோவால கொஞ்ச தூரம் ஏறி 12ஆம் நம்பர் வீட்டப் பாத்துட்டு வாங்க. வாசலுக்கு மேல மூணு வயலின் செதுக்கி இருக்கும். 1770ல மரியா தெரசா ராணி காலத்துல வீட்டுக்கு நம்பர் போடுற வரைக்கும் இப்படி அடையாளம் வச்சுத்தான் விலாசம் சொல்லிட்டு இருந்தாங்க.

கேள்வி: உண்மையிலேயே ராஜாக்கள் போன வழியா, இல்ல டூரிஸ்ட்டுக்காக வச்ச பேரா?

உண்மைதான். பவுடர் டவர் பக்கத்துல அப்போ அரண்மனை ஒண்ணு இருந்துச்சு, இப்போ அந்த இடத்துல முனிசிபல் ஹவுஸ் நிக்குது. அங்கருந்து கிளம்பி ஊர் பூரா வேடிக்கை பாக்க, கோட்டைக்குள்ள இருக்கற செயின்ட் வைட்டஸ் தேவாலயம் வரைக்கும் பட்டாபிஷேக ஊர்வலம் போகும். கடைசி ஊர்வலம் 1836ல, ஐந்தாம் ஃபெர்டினாண்டுக்கு. இதுல ஒரு வேடிக்கை, அந்த தேவாலயத்துக்கு அஸ்திவாரம் போட்டது 1344, கட்டி முடிச்சது 1929, அதாவது ஒரு ராஜாவும் அதை முழுசா பாக்கவே இல்ல.

கேள்வி: ஓல்ட் டவுன் ஸ்கொயர்ல தரையில வெள்ளையா சிலுவை பதிச்சிருக்கே, என்ன அது?

நல்ல கண்ணு உங்களுக்கு, பாதிப் பேர் அது மேலயே நின்னு அங்க டவுன் ஹால் சுவத்துல இருக்கற பழைய வானியல் கடிகாரத்த போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. மொத்தம் 27 சிலுவை. அப்போ ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து ராஜாவ எதுத்து நின்னவங்க 1620ல ஒயிட் மவுண்டன் சண்டையில தோத்தாங்க, அடுத்த வருஷம் ஜூன் 21ஆம் தேதி 27 பேர அந்த இடத்துலதான் கொன்னாங்க. அதுல 12 பேர் தலைய சார்லஸ் பாலத்தோட ஓல்ட் டவுன் பக்கத்து கோபுரத்துல தொங்க விட்டாங்க, பத்து வருஷம் அங்கேயே கிடந்துச்சு. பாலத்துக்குப் போக அந்த கோபுரத்துக்கு அடியில நுழைஞ்சுதான் நாமளும் போறோம்.

கேள்வி: அந்த கடிகாரத்துக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கலாமா?

வேணாம். 1410ல செஞ்சது, இன்னும் ஓடுது, அதுக்காக கண்டிப்பா பாக்கணும், ஆனா எலும்புக்கூடு மணி அடிக்கறதும் இயேசுவோட சீடர்களான அப்போஸ்தலர் பொம்மைங்க ஜன்னல்ல வந்து போறதும் ஒரு நிமிஷம்கூட இருக்காது. மணி ஆகறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போய் நில்லுங்க போதும், பர்ஸ மட்டும் முன் பாக்கெட்ல வச்சுக்கங்க.

கேள்வி: சார்லஸ் பாலத்துக்கு எப்போ போனா கூட்டம் இருக்காது?

விடியக்காலைல. ஒம்பது மணிக்கு மேல 516 மீட்டர் பாலத்த தோளு இடிக்காம தாண்டவே முடியாது. அஸ்திவாரக் கல்லையே 1357, ஜூலை 9, காலைல 5:31க்கு வச்சாங்கன்னு ஊர்ல ஒரு கதை உண்டு, வருஷம், தேதி, மாசம், நேரம்னு வரிசையா எழுதினா 1-3-5-7-9-7-5-3-1 வரணும்னு நேரம் பாத்தாங்களாம். நீங்க அவ்ளோ சீக்கிரம் போக வேணாம், ஆறரைக்குப் போனா அம்மா பாலத்து நடுவுல நின்னு ஆத்தப் பாக்கலாம், யாரும் செல்ஃபி ஸ்டிக்க நீட்ட மாட்டாங்க.