வீடு அப்புறம், தண்ணி முதல்ல: கேம் கேள்வி பதில்

ஃபால்அவுட் 4-ல் (அணுகுண்டுப் போருக்கு அப்புறம் பாழான ஊர்களில் குடியிருப்பு கட்டுற கேம்) மோட் (ஆட்டக்காரர்களே செய்து தரும் கூடுதல் இணைப்பு) மேல் மோடாகப் போட்டு சாங்சுவரிங்கிற குடியிருப்பில் முப்பது வீடு கட்டிட்டேனுங்க. அழகாத்தான் இருக்கு, ஆனா ஆள் குடியிருக்கிற ஊராத் தெரியலை. ஏனுங்க?
- வாசகர், காங்கேயம்

வீட்டில் ஆரம்பித்ததுதான் காரணம். நம்ம பக்கம் யாராவது வெறும் காடு வாங்கினால் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் போர் போடுவார்கள், வீட்டைப் பற்றிப் பேச்சே அப்புறம்தான். கேமிலும் அந்த வரிசையில் போங்கள். ஒரு கைப்பம்பு 3 அளவு தண்ணீர் தரும், ஆளுக்கு 1 போதும், ஆக பத்துப் பேருக்கு நாலு பம்பு. நாலையும் ஏதோ மூலையில் வரிசையாக நட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். பம்பு எங்கே என்று முதலில் முடிவு செய்து, பக்கத்திலேயே அடுப்பு, மாட்டுக்குத் தொட்டி, சிந்துகிற தண்ணீர் ஓடும் பக்கத்தில் செடிகள் என்று வைத்துக்கொண்டு போனால், ஆட்கள் எந்த வழியாக நடப்பார்கள், எங்கே புல் தேயும், எந்த வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, முப்பது வீட்டுக்கு ஆள் எங்கே? கேம் அனுமதிப்பது 10 பேரோடு உங்கள் பாத்திரத்தின் கரிஸ்மா (வசீகரம்) எண்ணையும் கூட்டினால் வரும் அளவுதான். அந்த வரம்பைத் தளர்த்துகிற மோட் போடாவிட்டால் பாதி வீடு காலி. அதற்குப் பதிலாக கேமிலேயே இருக்கும் அபர்னாத்தி பண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே குடும்பம், மின் கோபுரத்துக்கு அடியிலேயே வீடு. (கோபுரம் வேண்டாமென்று நம்ம விவசாயிகள் போராடினார்கள், இவர்கள் அதையே தூணாக்கிக்கொண்டார்கள்!) அங்கே ஒரு வீடு, ஒரு கட்டுத்தரை, தானியம் காயப்போட ஒரு களம், சுற்றிலும் வேலி, அவ்வளவே போதும். வேலிக்குப் புதுப் பலகை வேண்டாம். உங்கள் ஊர்க் கொறங்காட்டில் (மேய்ச்சல் காட்டில்) கிளுவை வேலி எப்படிக் கோணல்மாணலாக ஓடுகிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து, பொருளை நினைத்தபடி வைக்க விடுகிற பிளேஸ் எவ்ரிவேர் மோடை வைத்து ஒவ்வொரு கம்பையும் கொஞ்சம் சாய்த்து நடுங்கள்.

பன்னிரண்டு பேருக்கு எத்தனை செடி வைக்கணும்?
- வாசகர், கோபி

கணக்குப்படி ஆளுக்கு 1 உணவு. கேமில் வரும் மட்ஃப்ரூட் என்ற பழச்செடி 1 தரும், சோளம், டாட்டோ (தக்காளி மாதிரி ஒரு கேம் செடி) மாதிரி மற்றவை அரை அரைதான். ஆக 24 சோளச் செடியில் ஊரே சாப்பிட்டுவிடும், அதுவும் ஓராள் 6 உணவு வரை பார்த்துக்கொள்வதால் இரண்டே பேர் உழைத்தால் போதும்! வாய்க்கால் பாசனத்தில் நெல் போடுகிற கோபிக்காரர் இதை நம்புவீர்களா? கண்ணுக்காக மூன்று மடங்கு நடுங்கள். ஆனால் உணவும் தண்ணீரும் சேர்ந்த எண்ணைவிடப் பாதுகாப்பு எண் குறைந்தால் கொள்ளைக்காரர்கள் வருவது கூடும். காவல் மேடையையும் சேர்த்துப் போடுங்கள்.

நம்ம திருப்பூர் மாதிரி ஒரு ஊரை இதுல கட்ட முடியுமா?
- வாசகர், திருப்பூர்

முடியும், எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வியும் இதுதான். கேமில் பழைய திறந்தவெளி சினிமாக் கொட்டகையான ஸ்டார்லைட் டிரைவ்-இன் போங்கள். நடுவில் கதிர்வீச்சுப் பீப்பாய்கள் கிடக்கிற ஒரு குட்டை. எல்லோரும் முதல் வேலையாகப் பீப்பாயை உடைத்து எடுத்துவிட்டுச் சுத்திகரிப்பானைப் போடுவார்கள். நீங்கள் எடுக்காதீர்கள். நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள், சாயக்கழிவு வந்து தேங்கியது, அணையில் தண்ணீர் இருந்தும் பயிருக்கு ஆகவில்லை. 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவு போடும் அளவுக்குப் போனது. தண்ணீர் கண்ணெதிரே கிடந்தும் தொடமுடியாத ஊர் எப்படி நடக்கும் என்று யோசியுங்கள். குட்டையைச் சுற்றி வேலி, மேட்டில் தனியாகக் கைப்பம்பு, படுக்கையெல்லாம் தள்ளி. வெளியூர்த் தண்ணீர்தான் கதி என்றால் லோக்கல் லீடர் பெர்க் (பாத்திரத்துக்கு எடுக்கும் கூடுதல் திறன்) எடுத்து, இரண்டு தலை மாட்டோடு ஓராளை அனுப்பி வைத்தால் ஊருக்கு ஊர் சரக்கு பகிர்ந்துகொள்ளலாம். அந்த மாடு வந்து நிற்கிற இடத்தில் சந்தை போடுங்கள், கதை தானாக வரும்.

எதையும் பிரித்து அகற்ற விடுகிற ஸ்கிராப் எவ்ரிதிங் மோட் போட்டுக் குப்பையெல்லாம் அள்ளினேன். இப்போ கேம் திணறுது.
- வாசகர், பொள்ளாச்சி

திணறும். கேம் வேகமாக ஓட, அதைச் செய்தவர்கள் பல பொருட்களை ஒன்றாகச் சேர்த்து வைத்திருப்பார்கள். அதில் ஒன்றை உருவினால் அந்தச் சேர்ப்பே கலைந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரையவேண்டியிருக்கும். பாதியில் மோடைக் கழற்றினாலும் வம்பு, மோட் போடும் முன் சேமித்த பழைய சேவுக்குப் போங்கள். அப்புறம், குண்டு விழுந்தது 2077, கதை நடப்பது 2287. 210 வருஷம் கழித்துக் குடிவந்தவர்கள் படுக்கைக்கடியில் எலும்புக்கூட்டை விட்டுவைக்க மாட்டார்கள், ஆனால் ரோட்டோரக் காரை நகர்த்தவும் மாட்டார்கள். கூரையைப் பிரித்துக் கோழிக்கூண்டு ஆக்கியிருப்பார்கள். வீட்டுக்குள் கூட்டுங்கள், வெளியே விட்டுவிடுங்கள்.

பிளேஸ்டேஷன் 4-ல இதெல்லாம் நடக்குமா?
- வாசகர், ஈரோடு

புதுப் பொருள் கொண்டுவருகிற மோட்கள் அதில் வராது, கேமுக்குள் ஏற்கெனவே இருப்பதை வைத்துத்தான் வேலை. பிளேஸ் எவ்ரிவேரும் கிடையாது, அது பிசிக்கு மட்டும். ஆனால் மேலே சொன்ன பம்பு, களம், குட்டை எதற்கும் மோட் தேவையில்லை. ஒரு குடியிருப்பில் எவ்வளவு கட்டலாம் என்று காட்டும் கட்டுமான அளவுக் கோடு நிரம்பிவிட்டால் கையிலிருக்கும் துப்பாக்கிகளைத் தரையில் போட்டு, கட்டும் நிலையில் ஸ்கிராப் செய்யுங்கள் (பிரித்துவிடுங்கள்), கோடு இறங்கும்.