ஜி.எஸ்.டி.யில் கடைப் பெயர் இருக்கிறதே, டிரேட்மார்க்கும் பதிய வேண்டுமா? எப்படிப் பதிவது?

கேள்வி இது: மசாலாப் பொடியும் ஊறுகாயும் தயாரித்து விற்கும் தனிநபர் தொழில். ஜி.எஸ்.டி., உத்யம் (சிறுதொழில் பதிவு), எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு உரிமம்) மூன்றிலும் பெயர் ஏறியிருக்கிறது. நாளைக்கு இன்னொருவர் இதே பெயரில் பாக்கெட் போட்டால் தடுக்க முடியுமா?

அந்த மூன்று சான்றிதழ்களை மட்டும் காட்டித் தடுக்க முடியாது. ஜி.எஸ்.டி. படிவத்தில் ‘டிரேட் நேம்’ என்றே ஒரு கட்டம் இருப்பதால், பெயர் பதிவாகிவிட்டது என்று நிறையப் பேர் நம்பிவிடுகிறார்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஒரே பெயரில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஜி.எஸ்.டி. வாங்கலாம். பிரைவேட் லிமிடெட் ஆக்கினாலும், அதே பெயரில் இன்னொரு கம்பெனி உருவாவதுதான் தடைபடும். பாக்கெட்டில் அந்தப் பெயரை ஒருவர் அச்சடிப்பது தடைபடாது. இன்னும் சொன்னால், பதிவான டிரேட்மார்க் வைத்திருப்பவர், தன் பெயரோடு ஒத்துப்போகும் கம்பெனி தொடங்கிய 3 ஆண்டுகளுக்குள் அதன் பெயரை மாற்றச் சொல்லி விண்ணப்பிக்கலாம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

பொருளுக்கு வைத்த பெயரைக் காப்பது 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டம். பதியாத பெயருக்கும் அதில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில், பதிவு வைத்திருப்பவரைவிட முன்பிருந்தே அந்தப் பெயரைப் பயன்படுத்தி வருபவரின் உரிமை மேலானது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. ஆனால் அந்த வழியில் போனால், பெயருக்கு மக்களிடம் மதிப்பு இருக்கிறது, எதிராளியால் குழப்பம் வருகிறது என்பதையெல்லாம் ஆதாரத்தோடு நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பதிவு இருந்தால் அந்தப் பாரம் பெருமளவு குறையும். உங்கள் தொழில் நடக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடவும் முடியும். சின்ன தொழில் செய்பவருக்கு இது பெரிய வசதி. எதிராளி வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே அலைய வேண்டியதில்லை.

இனி பெயர். விண்ணப்பங்கள் பலவும் இங்கேதான் அடிபடுகின்றன. பொருளின் தரம், வகை, ஊர் ஆகியவற்றை மட்டும் சொல்லும் பெயரை டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவின்கீழ் மறுப்பார்கள். ‘சுத்தமான மசாலா’, ‘மதுரை ஊறுகாய்’ போன்றவை இந்த ரகம். சாமி பெயர், மதநூல் பெயர் எல்லாம் பலவீனமானவை. ‘ராமாயண்’ என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனி உரிமையாக்க முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சொந்தப் பெயரை வைத்தால், அதே பெயர் கொண்ட இன்னொருவர் தன் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. பொருளோடு சம்பந்தமே இல்லாத சொல்லோ, நீங்களே உண்டாக்கிய சொல்லோதான் உறுதியானது. விளம்பரத்தில் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய வேண்டியிருந்தாலும் அப்படி ஒரு பெயரையே தேர்ந்தெடுங்கள்.

பெயரைத் தேர்ந்ததும், டிரேட்மார்க் பதிவுக்கான அரசுத் தளமான ஐ.பி. இந்தியாவில் ‘பப்ளிக் சர்ச்’ செய்யுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று ‘வேர்டுமார்க்’ தேடலில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. ‘ஃபொனெடிக்’ தேடலையும் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் சட்டம் ஒலியைப் பார்க்கிறது. ‘அம்பாள்’ மூக்குப்பொடிக்கும் ‘ஆண்டாள்’ மூக்குப்பொடிக்கும் நடந்த வழக்கில், படமும் சொல்லின் அர்த்தமும் வேறாக இருந்தும், காதுக்கு ஒன்றுபோல் கேட்கிறது என்று 1969இல் உச்ச நீதிமன்றம் ‘ஆண்டாள்’ பதிவை ஏற்கவில்லை. எனவே உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதித் தேடுங்கள்: ஒரு ‘ஏ’, இரண்டு ‘ஏ’, ‘இசட்’ போட்டு, ‘எச்’ சேர்த்து, எடுத்து. ‘ஸ்ரீ’, ‘நியூ’ போன்ற முன்னொட்டைச் சேர்த்துவிட்டால் பெயர் வேறாகிவிடும் என்று எண்ண வேண்டாம். பின்னால் நிற்கும் முக்கியச் சொல்லைத்தான் ஒப்பிடுவார்கள்.

அடுத்தது வகுப்பு. மொத்தம் 45 வகுப்புகள்; 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். மசாலா, காபி, டீ, மாவு, அரிசி எல்லாம் 30. ஊறுகாய், சமையல் எண்ணெய், நெய் எல்லாம் 29. அதனால் உங்களுக்கு இரண்டு வகுப்புகள் வேண்டும். பின்னால் ஓட்டல் தொடங்கும் எண்ணம் இருந்தால் அது 43. சொந்தமாகத் தயாரிக்கும் பொருளுக்கு 35இல் மட்டும் விண்ணப்பித்துவிட்டு ‘பதிவாகிவிட்டது’ என்று இருப்பவர்கள் நிறைய. 35 என்பது விற்பனைச் சேவைக்கானது. பலருடைய பொருள்களை வாங்கி விற்கும் கடைக்கு அது பொருந்தும். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் பொடிக்கு 30தான் காவல்.

படிவம் டி.எம்.-ஏ. தனிநபர், ஸ்டார்ட்அப், உத்யம் சான்றிதழ் உள்ள சிறுநிறுவனம் ஆகியோருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. உங்கள் இரண்டு வகுப்புகளுக்குச் சேர்த்து 9,000 ஆகும். பார்ட்னர்ஷிப், கம்பெனி என்றால் உத்யம் சான்றிதழை இணைக்க மறந்துவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் இருமடங்கு கட்டணம். இரண்டு வகுப்பையும் ஒரே விண்ணப்பத்தில் போடலாம், ஆனால் தனித்தனியாகப் போடுவதே நல்லது. கட்டணம் ஒன்றுதான். ஒன்றாகப் போட்டால் ஊறுகாய்க்கு வரும் ஆட்சேபம் மசாலாவையும் சேர்த்து நிறுத்திவைக்கும்.

படிவத்தை நிரப்பும்போது சில இடங்களில் நிதானம் தேவை.

விண்ணப்பதாரர் பெயரில் கடைப் பெயரை எழுதக் கூடாது. தனிநபர் தொழிலில் சட்டப்படி கடையும் நீங்களும் ஒருவரே. உங்கள் பெயரை எழுதி, இன்ன பெயரில் வணிகம் செய்பவர் என்று குறிப்பிடுங்கள். பிறகு கம்பெனியாக மாறினால், பெயரைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்து டி.எம்.-பி (TM-P) படிவத்தில் பதிய வேண்டும்.

சொல்லா, லோகோவா? ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் சொல்லையே பதியுங்கள். சொல்லுக்குப் பதிவு இருந்தால் எந்த எழுத்து வடிவத்தில், எந்த வடிவமைப்பில் வந்தாலும் கேட்கலாம். லோகோவாகப் பதிந்தால் அந்தப் படம் முழுமைக்கும்தான் உரிமை. அதற்குள் இருக்கும் ஒரு சொல்லுக்குத் தனியே உரிமை கிடைக்காது. லோகோ பதிவதானால் 8×8 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் கொடுத்தால் எல்லா நிறங்களுக்கும் பொருந்தும். வடிவமைத்தவரிடம் அதன் பதிப்புரிமையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பணம் கொடுத்ததாலேயே அது உங்களுடையதாகாது. தமிழ் எழுத்தில் பதிவதென்றால் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும்.

‘எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்’ என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. இன்னும் விற்பனை தொடங்கவில்லை என்றால் ‘இனி பயன்படுத்த உத்தேசம்’ என்று போடலாம். விற்றுக்கொண்டிருந்தால் முதல் தேதியைப் போட்டு, உறுதிமொழிப் பத்திரமும் ஆதாரமும் இணைக்க வேண்டும். அந்தப் பெயர் அச்சான பழைய பில், லேபிள் அடித்த அச்சக ரசீது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம், விளம்பரம், தேதியோடு கூடிய சமூக ஊடகப் பதிவு எல்லாம் ஆதாரம்தான். முதலில் சொன்ன மூன்று சான்றிதழ்களும் இங்கே கைகொடுக்கும். சில ஏஜென்டுகள் ஆதாரம் திரட்டச் சோம்பிக்கொண்டு, பல ஆண்டுகள் விற்ற பெயருக்குக்கூட ‘உத்தேசம்’ என்று போட்டுவிடுகிறார்கள். நாளை யார் முந்தி என்று சண்டை வரும்போது உங்கள் விண்ணப்பமே உங்களுக்கு எதிராகப் பேசும். ஆதாரம் இல்லாத பழைய தேதியைப் போடுவதும் அதே அளவு ஆபத்து.

தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னை கிண்டி அலுவலகத்தின் எல்லைக்குள் வரும். ஆன்லைனில் தாக்கல் செய்ய டிஜிட்டல் சிக்னேச்சர் வேண்டும். விண்ணப்ப எண் கிடைத்த உடனே பெயருக்குப் பக்கத்தில் ‘டி.எம்.’ போடலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ போடுவது பதிவுச் சான்றிதழ் வந்த பிறகுதான். அதற்கு முன் போடுவது சட்டப்படி தவறு.

பிறகு விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுப் பதிவு அலுவலகம் அனுப்பும் பரிசோதனை அறிக்கை வரும். தளத்தில் விண்ணப்ப நிலை ‘அப்ஜெக்டட்’ (ஆட்சேபம்) என்று இருப்பதைப் பார்த்ததும் பயந்து பெயரையே கைவிட வேண்டாம், ஆட்சேபம் வருவது சாதாரணம். அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், பதிலுக்குக் கட்டணம் இல்லை. விட்டுவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். கவனிக்க வேண்டியது, மின்னஞ்சலில் அனுப்பினாலே உங்களுக்குக் கிடைத்ததாகக் கணக்கு. அதனால் படிவத்தில் ஏஜென்டின் மின்னஞ்சலை மட்டும் கொடுத்துவிட்டு இருக்காதீர்கள். விண்ணப்ப எண்ணை வைத்து மாதம் ஒருமுறை நீங்களே நிலையைப் பாருங்கள்.

பதில் எழுதுவதில் ஒரு நுட்பம். 11ஆம் பிரிவின்கீழ் ஒத்த பெயர்கள் என்று ஒரு பட்டியல் தந்திருப்பார்கள். ஒவ்வொன்றின் நிலையையும் தளத்தில் திறந்து பாருங்கள். சில கைவிடப்பட்டிருக்கும், சில புதுப்பிக்கப்படாமல் போயிருக்கும், சில உங்கள் பொருளோடு தொடர்பில்லாத பொருளுக்கானவையாக இருக்கும். வரிசையாக ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி ஆதாரத்தை இணைத்தால் பதில் நிற்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதிய பொதுப் பதிலை அனுப்பினால் விசாரணைக்கு அழைப்பார்கள். அது காணொளியில் நடக்கும், தவறவிடாதீர்கள்.

ஏற்றுக்கொண்டால் திங்கள்தோறும் வரும் டிரேட்மார்க் இதழில் வெளியாகும். அன்றிலிருந்து 4 மாதம் யாரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு வந்தால் அதன் நகல் கிடைத்த 2 மாதத்துக்குள் எதிருரை தாக்கல் செய்தே ஆக வேண்டும், இதில் கால நீட்டிப்பு கேட்டுப் பயனில்லை. இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள். எதிர்ப்பு இல்லையென்றால் சான்றிதழ் வரும்.

விண்ணப்பித்த தேதியிலிருந்து 10 ஆண்டுகள் செல்லும். புதுப்பிக்க ஆன்லைனில் வகுப்புக்கு 9,000. தேதி தாண்டினாலும் 6 மாதத்துக்குள் கூடுதல் கட்டணத்தோடு கட்டலாம். ‘உங்கள் பதிவு காலாவதியாகிறது, உடனே பணம் அனுப்புங்கள்’ என்று தனியார் கடிதங்கள் வந்தால் முதலில் தளத்தில் தேதியைச் சரிபாருங்கள். பதிந்த பெயரைத் தொடர்ந்து 5 ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால், அதனால் பாதிக்கப்படுபவர் அதை நீக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். எனவே விற்பனை இறங்கிய வகுப்பிலும் அந்தப் பெயர் அச்சான பில்களை ஆண்டுவாரியாக எடுத்து வையுங்கள்.