மயக்க மருந்து மூளையில் எங்கே உட்காருகிறது: இதைப் படிக்க ஆசைப்படும் பெண்ணின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் பிளஸ் டூ, பயாலஜி-மேத்ஸ் குரூப். நீட் கோச்சிங் போகிறாள், ஆனால் மனம் அதில் இல்லை. "மயக்க மருந்து மூளையில் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்று கண்டுபிடிக்கிற வேலைக்குத்தான் போவேன்" என்கிறாள். அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா, அதை நம்பி வாழ முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இதைச் சொன்னதும் அக்கம்பக்கத்தில் பலரும் பி.எஸ்சி. அனஸ்தீசியா டெக்னாலஜியில் சேர்த்துவிடச் சொல்வார்கள். அது ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டருக்குத் துணை நிற்கும் வேலைக்கான படிப்பு. நல்ல படிப்புதான், சீக்கிரம் வேலையும் கிடைக்கும். ஆனால் உங்கள் மகள் கேட்பது அது இல்லை. அவள் கேட்பது ஆராய்ச்சி.

அந்த ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அது புரிந்தால் எந்தப் படிப்பு என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

நம் மூளை நரம்பணுக்களின் சவ்வில் காபா-ஏ என்ற ஏற்பிப் புரதம் இருக்கிறது. ஐந்து துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து நடுவில் ஒரு வழி விட்டிருக்கும். காபா என்ற வேதிப்பொருள் வந்து உட்கார்ந்தால் அந்த வழி திறந்து குளோரைடு உள்ளே போகும், நரம்பணு அடங்கும். தூக்க மாத்திரை, மயக்க மருந்துகளில் பலவும் இந்தப் புரதத்தின் வேலையைத்தான் கூட்டுகின்றன. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் உட்காருவதில்லை. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் டயஸிபாம் முக்கியமாகச் சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில், ஆல்பா, காமா என்ற இரண்டு துண்டுகளுக்கு நடுவே போய் அமர்கிறது. ப்ரோபோஃபால், எட்டோமிடேட் என்ற மயக்க மருந்துகள் இரண்டும் கீழே, சவ்வுக்குள் புதைந்த பகுதியில் பீட்டா என்ற துண்டுக்கும் ஆல்பாவுக்கும் இடையில். டயஸிபாம் அதிகமானால் முறிக்க ஃப்ளூமாசெனில் என்ற மருந்து உண்டு. அது டயஸிபாம் அமரும் அதே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ப்ரோபோஃபாலுக்கு அது எடுபடாது, ஏனென்றால் இடம் வேறு. இடம் தெரிவது உயிர் காக்கிற விஷயம், அம்மா.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஆல்பா துண்டிலேயே பல வகை உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. 1999-இல் சூரிச்சில் ஒரு குழு, எலியின் ஆல்பா-1 துண்டில் 101-வது இடத்தில் இருந்த ஹிஸ்டிடின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலத்தை ஆர்ஜினினாக மாற்றியது. அப்படி மாற்றினால் அந்தத் துண்டில் டயஸிபாம் வேலை செய்யாது. அந்த எலிகளுக்கு டயஸிபாம் கொடுத்தபோது சாதாரண எலிகளைப் போல மந்தமாகவில்லை, ஆனால் பதற்றம் குறைந்தது. அடுத்த ஆண்டு ஆல்பா-2 துண்டில் அதே மாற்றத்தைச் செய்தார்கள். இந்த முறை பதற்றம் குறையவில்லை. தூக்கம் தருவது ஒரு வகை ஏற்பி, பயத்தைத் தணிப்பது இன்னொரு வகை என்று அப்படித்தான் தெரிந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இதுதான்.

2006-இல் அமெரிக்காவில் செய்தது வேறு வழி. எட்டோமிடேட்டோடு ஒளி பட்டால் பற்றிக்கொள்ளும் ஒரு வேதிக் கொக்கியைச் சேர்த்தார்கள். மாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்த ஏற்பியில் அதைக் கலந்து புற ஊதா ஒளி காட்டினார்கள். மருந்து இருந்த இடத்திலேயே நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. பிறகு புரதத்தை வெட்டி, எந்த அமினோ அமிலத்தில் ஒட்டியிருக்கிறது என்று வரிசையாகப் படித்தார்கள். ஆல்பாவில் ஒரு மெதியோனின், பீட்டாவில் ஒரு மெதியோனின். 2020-இல் கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில், புரதத்தை நொடியில் உறைய வைத்து எடுத்த படங்களில், எட்டோமிடேட் அந்த இடுக்கில்தான் உட்கார்ந்திருந்தது.

இதில் மரபணு வேலை உயிரியல், கொக்கி செய்தது வேதியியல், மைக்ராஸ்கோப் இயற்பியல், படங்களைச் சேர்த்து உருவம் கட்டுவது கணக்கும் கம்ப்யூட்டரும். அதனால்தான் சொல்கிறேன், இளநிலையிலேயே "நியூரோ" என்று பெயர் போட்ட படிப்பைத் தேடாதீர்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகுதான் உயிரியலுக்கே வந்தார். 2009-இல் நோபல் வாங்கினார். அவர் வேலை செய்த கேம்பிரிட்ஜ் ஆய்வகத்திலிருந்துதான் 2019-இல் டயஸிபாம் உட்கார்ந்த காபா ஏற்பியின் படமும் வந்தது.

என் முதல் தேர்வு ஐசர் (IISER), மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த பி.எஸ்.-எம்.எஸ். ஐந்து வருடம். நமக்குப் பக்கத்தில் திருப்பதி, திருவனந்தபுரம். அதில் சேர எழுதும் ஐஏடி (IAT) நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கிலும் சமமாகக் கேள்வி வரும். நீட் மட்டும் படிக்கிறவர்கள் கணக்கில்தான் தடுமாறுவார்கள். உங்கள் மகள் மேத்ஸும் எடுத்திருப்பது பெரிய பலம்.

ஐசர் கிடைக்கவில்லையா, பரவாயில்லை. நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியோ பிசிக்ஸோ படித்துவிட்டு, ஜாம் (JAM) என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடிக்குப் போகலாம். சென்னைப் பல்கலைக்கழக கிண்டி வளாகத்தில் எம்.எஸ்சி. பயோபிசிக்ஸ் படிக்கலாம். புரத வடிவ ஆய்வில் உலகமே பயன்படுத்தும் ராமச்சந்திரன் வரைபடம் பிறந்த துறை அது. பி.ஃபார்ம். வழியாகவும் வரலாம்.

பணம் பற்றிப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். படிப்பும் பிஎச்.டி.யும் முடிய மகளுக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது ஆகிவிடும். அதன் பிறகும் நிரந்தர வேலைக்குச் சில வருடம் ஆகலாம். ஆனால் பிஎச்.டி. காலத்தில் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. நடுவில் இறங்க வேண்டுமென்றாலும் வழி உண்டு. எம்.எஸ்சி.யோடு பெங்களூரு, ஹைதராபாத் மருந்து ஆராய்ச்சி நிறுவனங்களில் புரதம் சுத்தம் செய்யவும், மருந்து ஒட்டுவதை அளக்கவும், கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்க்கவும் ஆள் எடுக்கிறார்கள். கூடவே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி தெரிந்தால் நல்லது.

ஆசை நிஜமா என்று பார்க்க ஒரு வேலை கொடுங்கள். புரதங்களின் வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற இணையதளம் எல்லோருக்கும் இலவசம். அதில் 6X3T என்ற எண்ணைத் தேடச் சொல்லுங்கள். ப்ரோபோஃபால் உட்கார்ந்த மனித காபா ஏற்பி திரையில் வரும். சுழற்றிப் பார்த்து, மருந்தைச் சுற்றி எந்தெந்த அமினோ அமிலங்கள் இருக்கின்றன என்று நோட்டில் எழுதட்டும். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்து வராமல் இருந்தால் தைரியமாக இந்த வழியில் விடுங்கள். அரைமணி நேரத்தில் அலுத்துவிட்டால் நீட்டோ வேறு படிப்போ யோசிக்க இன்னும் நேரம் இருக்கிறது.

எதுவானாலும் ஐஏடி விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள். நீட் முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அதற்கு முன்பே இந்த விண்ணப்பம் மூடிவிடும். கடைசித் தேதியை ஐசர் தளத்தில் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.