குதிரையில் இருந்து தொடங்குங்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சங்கீதம் படிப்பிக்கிறேன். கனடாவில் இருக்கும் பெரியம்மா போன மாதம் வந்தபோது எனக்கொரு எலக்ட்ரிக் செலோ (வில்லால் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) கொண்டுவந்து தந்தார். விமானத்துக்காகத் தந்திகளைத் தளர்த்தியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் குதிரை, அதுதான் தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு கட்டை, கழன்று கிடந்தது. நானே நிறுத்தித் தந்திகளை முறுக்கினேன். வீட்டில் பாட்டுக் கேட்கிற அம்பில் கொடுத்தால் சத்தம் மெலிந்து கீச்சென்று வருகிறது, கூடவே ஓயாத இரைச்சல். பார்த்தவர் ஒருவர், உள்ளே போர்ட் போய்விட்டது, கொழும்புக்கு அனுப்புங்கள் என்கிறார். அனுப்பத்தான் வேண்டுமா?

வாசகி, ஒட்டுசுட்டான்

அன்புள்ள தங்கச்சி,

இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். நீங்கள் எழுதியதில் போர்ட் போனதற்கு அடையாளமாக எதுவும் எனக்குப் படவில்லை.

முதலில் குதிரையைப் பாருங்கள். எலக்ட்ரிக் செலோக்கள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் இல்லாத கட்டை உடம்பு. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ பிக்கப் அநேகமாகக் குதிரைக்குள் அல்லது அதன் காலடியில் இருக்கும். குதிரையை ஒட்டுவதில்லை, தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கால் சரியாகப் பதியாவிட்டால் ஒரு தந்தி உரத்தும் இன்னொன்று மெலிந்தும் கேட்கும். உயரமான பக்கம் தடித்த தந்திக்குக் கீழே வர வேண்டும். முழு அளவுச் செலோ என்றால், தலைப்பக்கத்தில் தந்தி ஏறி வரும் கட்டையில் இருந்து குதிரை உச்சி வரை சுமார் 69 செ.மீ. தையல் நாடாவால் அளந்து பாருங்கள். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் குதிரையின் பின்முகம் (தந்திகளின் கீழ்முனையைப் பார்க்கும் பக்கம்) உடம்புக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். முறுக்க முறுக்க உச்சி முன்னால், தலைப்பக்கமாகச் சாயும். தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு கையாலும் பிடித்து, மெல்லப் பின்னுக்குத் தள்ளுங்கள். தந்தி உட்காரும் வெட்டுகளில் பென்சில் கரியைத் தேய்த்தால் குதிரையை இழுக்காமல் வழுக்கும்.

சுருதி உங்களுக்குச் சுலபம். தடித்த தந்தியை ஸ என்று வைத்தால் அடுத்தது அதன் ப. அந்தப் ப-வை ஸ ஆக்கினால் மூன்றாவது வரும், நாலாவதும் அப்படியே.

தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான் ஒருமுறை துடைக்கிறேன் என்று நாலையும் ஒன்றாகக் கழற்றினேன். குதிரை விழுந்து, முடிபோன்ற பிக்கப் வயர் அறுந்தது. கிளிநொச்சியில் ரேடியோ திருத்தும் ஒரு ஐயா கண்ணாடி போட்டுக்கொண்டு அரை நாள் இருந்து பற்றவைத்துத் தந்தார்.

குதிரை சரி என்றால், அப்புறம் அம்ப். பீசோவை வாங்கும் இடத்தில் 1 மெகா ஓம், அதாவது ஆயிரம் கிலோ ஓம் அளவு தடை வேண்டும். பாட்டுக் கேட்கிற அம்பில் பெரும்பாலும் சில பத்துக் கிலோ ஓம்தான், அடித்தந்தியின் கனமெல்லாம் அங்கேயே போய்விடும். கிற்றார் அம்பில் கொடுத்துப் பாருங்கள், அல்லது நடுவே ஒரு பிரீ அம்ப் (அம்புக்கு முன்னால் சத்தத்தைத் தயார்படுத்தும் சிறு கருவி) வையுங்கள். செலோவுக்குள்ளேயே பிரீ அம்ப் இருந்தால் அதன் பற்றறியை மாற்றுங்கள், அநேகமாக 9 வோல்ற் பற்றறிதான். பல வாத்தியங்களில் வயரைச் செருகியவுடன் பற்றறி ஓடத் தொடங்கும். வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள்.

இரைச்சலுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் இருந்து வரும் இரைச்சல் பெரும்பாலும் 50-இலும் அதன் இரட்டிப்பான 100-இலும் கேட்கும். செலோவில் தடித்த தந்திக்கு அடுத்த தந்தி 98 ஹேர்ட்ஸ், 100-க்கு இரண்டு குறைவு. அதை விரல் வைக்காமல் வில்லால் இழுத்துக் கேளுங்கள். இரைச்சலோடு சேர்ந்து நொடிக்கு இரண்டு தரம் அலை அலையாக ஏறி இறங்கினால் அது வீட்டுக் கறண்டில் இருந்து வருவது. பற்றறியில் ஓடும் சிறிய அம்பில் கொடுத்து, அப்போது நின்றுவிட்டால் உறுதிதான். வன்னி வெயிலில் நிலம் காய்ந்தால் எர்த் கம்பியும் சரியாகப் பிடிக்காது. மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சலை நிறுத்த மூன்று கால் பிளக்கின் எர்த் காலை ஒருபோதும் எடுத்துவிடாதீர்கள், உயிர் ஆபத்து.

தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் வைக்காதீர்கள், வில்லுக்குப் பூசும் பிசினான ரோசின் இளகிவிடும். முறுக்காணி மரமென்றால் மாரியில் ஊதி இறுகும், சோளகக் காற்றில் தளர்ந்து வழுக்கும். வழுக்கும்போது வகுப்பில் இருக்கும் வெண்கட்டியைக் கொஞ்சம் பூசுங்கள். வாசித்த பிறகு வில்லைத் தளர்த்துங்கள், தந்தியில் படிந்த ரோசின் தூளை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

குதிரையை நிறுத்தியதும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். சாய்வு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.